முப்பத்தாறு பின்வீடுகள்

ஒத்தீலியா பாரியெந்தோஸ் 1938ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி, ஆற்றுக்கு அந்தப் பக்கம், மெக்சிக்கோவில், கமார்கோ ஊருக்கு அருகே பிறந்தாள். அன்று அந்தப் பெயருடைய புனிதையின் திருநாள். பெயர் அப்படி வந்தது. பதின்மூன்று வயதில் டெக்சாஸ் பக்கம் வந்தாள். வெங்காயம் தரம் பிரிக்கும் கொட்டகையில் முப்பது பருவத்துக்கு மேல் நின்றாள். 1974இல் அவளும் கணவன் க்ரூஸும் லாஸ் கார்ஸாஸ் குடியிருப்பில் ஒரு மனை வாங்கினார்கள். 1982இல் டிராக்டர் கவிழ்ந்து க்ரூஸ் இறந்தான். மகள் ஒருத்திதான், அம்பாரோ. அம்பாரோவுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் ஒத்தீலியா என்னைக் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவாள்.

இவ்வளவும் ஏதாவது ஒரு பதிவேட்டில் உள்ளது. நான் எழுத உட்கார்ந்தது எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு விஷயத்தை. 1990ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி, புதன்கிழமை, காலை பத்தரை மணி அளவில் ஒத்தீலியா ஒரு பொய் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அந்தப் பொய்யின் கனம் தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய பத்து வருடம் தெரிய வேண்டும். லாஸ் கார்ஸாஸுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. நாலு மைல் போய்ப் பீப்பாய்களில் பிடித்து வருவோம். 1983இல் ஒத்தீலியா மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் குழாய் கேட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் 1980 கணக்கெடுப்பைப் புரட்டி, உங்கள் குடியிருப்பில் நூற்று நாற்பது பேர்தான் என்றார்.

"என் தெருவுலயே அவ்வளவு பேர் இருக்காங்களே, ஐயா."

"இருக்கலாம்மா. தாள்ல இல்லையே."

அந்த ஒரு வாக்கியத்தோடு அவள் வீட்டுக்கு வந்தாள். பிறகு கோயில்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தில் சேர்ந்தாள். சான் அந்தோனியோவிலிருந்து வந்தவர்கள் அங்கே வகுப்பு எடுத்தார்கள். வாஷிங்டனில் எந்தப் பகுதிக்கு எத்தனை நாற்காலி, அதில் நம்மவர்கள் உட்கார வழியுண்டா, பள்ளிக்கூடம் எங்கே, மருத்துவமனை எங்கே, எல்லாம் பத்து வருடத்துக்கு ஒருமுறை எழுதும் அந்தத் தாளில் தொடங்குகிறது என்று அவள் அங்கேதான் கற்றுக்கொண்டாள். 1989இல் மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்குப் போய் ஒரு சட்டமன்றக் குழுவின் முன் பேசினாள். திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ரெண்டு நிமிஷம் குடுத்தாங்க கொம்பாத்ரே. ஒரு பீப்பாய் நெறையவே இருபது நிமிஷம் ஆகுது நமக்கு."

1990 பிப்ரவரியிலிருந்து தாள் நிரப்பச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினாள். மாலையில் கொட்டகையிலிருந்து வந்து, கையில் வெங்காய வாடை போகும் முன்பே கிளம்பிவிடுவாள். மூன்றாம் தெருவில் செமா என்று ஒருவன் இருந்தான். வாயாடி. தாளைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வந்துவிடுவான்.

"தோன்யா ஒத்தீலியா, நான் வெள்ளையா கறுப்பான்னு கேக்கறான். என்னத்தைப் போட?"

"அதுக்குக் கீழ பாரு. மெக்சிக்கோ வம்சமான்னு இருக்கு. அங்க ஆமான்னு போடு."

"அதுக்கு முன்னாடி இதைப் போடணுமே. காலையில வயலுக்குப் போறப்ப நான் வெள்ளை. சாயங்காலம் கறுப்பு."

"அப்ப ஞாயித்துக்கிழமையாப் பார்த்து நெரப்பு. குளிச்சிட்டு."

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசித்தான் அறுபத்தொரு மனைக்காரர்களையும் அவள் சம்மதிக்க வைத்தாள். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று இருக்கிறது. அதை அவள் கணக்கில் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கூரை முழுதாக ஏறி, பாதிரியார் தீர்த்தம் தெளிக்கும் வரை எங்களவர்கள் எதையும் வீடு என்று சொல்ல மாட்டார்கள். அது "வேலை." சனி, ஞாயிறு தோறும் பத்துக் கல் வைப்பார்கள். ஒரு பக்கம் தார்ப்பாய், ஒரு பக்கம் சுவர். அதற்குள் கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும், பள்ளிக்கூடம் போகும். கேட்டால், "வேலை நடக்குது" என்பார்கள். மகனுக்கும் மகளுக்கும் பெற்றவர்கள் தங்கள் மனையிலேயே பின்னால் கட்டிக்கொடுக்கும் பின்வீடுகள் எல்லாமே அப்படித்தான். அவற்றைப் பற்றி வெளியே சொல்லக் கூச்சம் பாதி, பயம் பாதி. ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு கழிவுத்தொட்டி என்பது மாவட்டச் சட்டம். அந்த பிப்ரவரியில்தான் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பின்வீட்டின் கதவில் சுகாதார ஆய்வாளர் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார். பத்து நாளில் அந்தக் குடும்பம் வெளியேறியது.

அம்பாரோவும் அவள் கணவன் ரெஃபூஹியோவும் மூன்று பிள்ளைகளும் ஒத்தீலியாவின் மனையில், அப்படியொரு பின்வீட்டில்தான் இருந்தார்கள். ஐந்து பேர். முன்வீட்டில் ஒத்தீலியா மட்டும்.

நிரப்பிய தாள்களை வாங்கிச் சரிபார்க்க ஏப்ரல் 18ஆம் தேதி வந்த கணக்கெடுப்பாளர் நகரப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நல்ல மனிதர். கழுத்தில் டை, சட்டையில் அடையாள அட்டை. அந்த அட்டையைத்தான் ஒத்தீலியா பார்த்தாள். முன்வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார், ஒருத்தி என்றாள். பிறகு பேனாவால் பின்பக்கம் காட்டினார்.

"அது என்னங்க?"

"அதா? வேலை நடக்குது."

"யாராவது குடியிருக்காங்களா?"

"சாமான் போட்டு வெச்சிருக்கேன்."

கொடியில் குழந்தைகளின் காற்சட்டை ஏழோ எட்டோ காய்ந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வாத்தியார் கொடியைப் பார்த்தார், ஒத்தீலியாவைப் பார்த்தார், தாளில் ஒரு கோடு போட்டார். அவர் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. அதன் பிறகும் பேசவில்லை. நான் வாய் திறக்காததும் இந்தக் கணக்கில் சேர வேண்டியது, ஆகவே எழுதுகிறேன்.

செப்டம்பர் 4ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, கடைத் தொலைபேசியில் ஒத்தீலியாவுக்கு அழைப்பு வந்தது. மாவட்ட அலுவலகத்தில் கணக்கெடுப்புத் தபால்களைப் பார்க்கும் நெல்டா என்ற எழுத்தர் பேசினாள். முதற்கட்ட எண்ணிக்கை வந்துவிட்டதாம். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். அந்த நாட்கள் ஆகஸ்ட் 29ஆம் தேதியே ஓடத் தொடங்கிவிட்டன. கடைசி நாள் செப்டம்பர் 19, புதன், மாலை ஐந்து மணி.

என் வண்டியில் போனோம். நெல்டா ஒரு வரைபடத்தை விரித்து, நான்கு தெருவையும் விரலால் காட்டினாள்.

"லாஸ் கார்ஸாஸ், அறுபத்தொரு வீடு."

குழாய்த் திட்டத்துக்கு மனு ஏற்கக் குறைந்தது எண்பது வீடு வேண்டும் என்று அதே அலுவலகம் முந்திய வருடமே சொல்லியிருந்தது. அறுபத்தொரு மனை, அறுபத்தொரு வீடு. பின்னால் இருந்தவை ஒன்றுகூட இல்லை. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: வேலை நடக்குது.

"இன்னும் இருக்கும்மா. நெறைய இருக்கு" என்றாள் ஒத்தீலியா.

"அப்ப எழுதிக் குடுங்க. தெருவுக்கு எத்தனைன்னு எண்ணிக்கை, அது எங்கேருந்து வந்ததுங்கறதுக்கு ஒரு ஆதாரம். அப்புறம் விட்டுப்போன வீட்டுல ஒண்ணாவது முகவரியோட வேணும், குடியிருக்கறவங்க கையெழுத்தோட. முதல்ல அங்க போய்ப் பார்ப்பாங்க. அது உண்மைன்னா மிச்சத்தையும் எண்ணுவாங்க."

"ஒண்ணு போதுமா?"

"ஒண்ணு போதும். அது இல்லாம இந்தத் தாளை நான் அனுப்ப மாட்டேன். திரும்பித்தான் வரும்."

நெல்டாவின் மேசைக்கு வலப்பக்கம் ஒரு கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அது சுகாதார ஆய்வாளர் ஹாலிஸின் அறை. ஜன்னல் விளிம்பில் சிவப்புத் தாள்கள் ஒரு கட்டு, மேலே ஒரு கல் வைத்து. ஒத்தீலியா அதைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். வண்டியில் ஏறியதும், "எத்தனை அடி இருக்கும் அந்த ரெண்டு மேசைக்கும் நடுவுல?" என்று கேட்டாள். பத்தடி இருக்கும் என்றேன்.

எண்ணிக்கைக்கு ஆதாரம் என்னிடம் இருந்தது. எங்கள் சிற்றாலயத்தின் மாதா சுரூபம் ஒவ்வொரு வருடமும் ஜெபமாலைத் திருநாளன்று புறப்பட்டு வீட்டுக்கு வீடு போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் மாலை அடுத்த வீட்டார் வந்து தூக்கிப் போவார்கள். கூடவே ஒரு நோட்டும் போகும். கால்வாய் மதகில் முப்பத்தோரு வருடம் நீர்மட்டம் குறித்தவன் என்பதால் அந்த நோட்டை என்னிடம் கொடுத்திருந்தார்கள். தேதி, வீட்டுக்காரர் பெயர், மண்டியிட்டவர்கள் எத்தனை பேர் என்று எழுதுவேன். கைக்குழந்தைகளையும் சேர்ப்பேன். 1989 அக்டோபர் 7ஆம் தேதி புறப்பட்ட மாதா 1990 ஜனவரி 8ஆம் தேதி திரும்பினாள். தொண்ணூற்று நான்கு நாள், தொண்ணூற்று நான்கு வீடு. கணக்கெடுப்பாளரிடம் வீடில்லை என்று சொன்னவர்களில் ஒருவர்கூட மாதா வரும் நாளில் அப்படிச் சொல்லவில்லை. தார்ப்பாயின் அடியில் மெழுகுவத்தி ஏற்றி வாங்கிக்கொண்டார்கள். ஜனவரி 7 ஒத்தீலியா வீடு. ஜனவரி 8, கடைசி வரி, அம்பாரோ வீடு, ஐந்து பேர்.

அடுத்த நாள் மாலை ஒத்தீலியா நோட்டைக் கேட்டு வந்தாள். நான் உடனே எடுத்துத் தரவில்லை.

"இதுல பேரு இருக்கு" என்றேன். "மாதாவுக்காக எழுதினது. ஹாலிஸ் மேசைக்குப் பத்தடி தூரத்துல இதை வெக்கச் சொல்றீங்களா?"

"நான் பேரைக் கேக்கலை. எண்ணைக் கேக்கறேன்."

பயறும் மாவுத் தொர்தியா ரொட்டியும் ஆறிப்போக, சமையலறை மேசையில் உட்கார்ந்து தெருவாரியாகப் பிரித்தோம். நான் படித்தேன், அவள் கோடு போட்டாள். மாதாவை வாங்காத அல்லேலூயாக்காரர்கள் வீடு மூன்று உண்டு. அவற்றைத் தனியாகச் சேர்த்தோம்.

"அவங்க மாதாவுக்குக் கதவு தெறக்கலை. தண்ணிக்குத் தெறப்பாங்க" என்றாள்.

முதல் தெரு இருபத்தைந்து, இரண்டாம் தெரு இருபத்தாறு, மூன்றும் நான்கும் இருபத்து மூன்று வீதம். மொத்தம் தொண்ணூற்றேழு. அறுபத்தொன்று போக முப்பத்தாறு பின்வீடுகள். மூன்று முறை கூட்டினோம். நோட்டை நானே கொண்டு வந்து நெல்டாவிடம் காட்டுவது, கையை விட்டுக் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று.

மிச்சம் இருந்தது ஒரு முகவரி. முப்பத்தாறில் ஒன்று.

ஆறாம் தேதியிலிருந்து பதினைந்தாம் தேதி வரை ஒத்தீலியா முப்பத்தைந்து பின்வீடுகளுக்குப் போனாள். சில நாள் நானும் கூடப் போனேன். காப்பி கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள், குழாய் வர வேண்டும் என்று அவர்களும்தான் சொன்னார்கள். கையெழுத்து என்றதும் கை துடைக்கும் துணியைத் தேடினார்கள். "மொதல்ல வேற யாராவது குடுக்கட்டும், தோன்யா." "என் மாமியாரைக் கேக்கணும்." "கூரை போட்டதும் குடுக்கறேன், அடுத்த வருஷம்." அடுத்த வருடம் என்பது பத்து வருடம் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தன் பின்வீட்டைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. அம்பாரோவிடமும் பேசவில்லை. ஆகஸ்ட் 11ஆம் தேதி அம்பாரோவுக்கு நான்காவது குழந்தை பிறந்து, ஒரு மாதப் பச்சை உடம்பு. ஏப்ரலுக்குப் பின் பிறந்த குழந்தை என்பதால் அது இந்தக் கணக்கில் வராது. ஆனால் சிவப்புத் தாள் ஒட்டினால் அதுவும்தான் வெளியே போகும்.

அந்த நாட்களில் ஒத்தீலியா இளைத்துவிட்டாள். கொட்டகையில் அழுகல் வெங்காயத்தை நல்ல பெட்டியில் போட்டுவிட்டதாகப் பேச்சு வந்தது. முப்பது பருவத்தில் அப்படி நடந்ததில்லை. தெருவில் கார் புழுதி கிளம்பினால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாள். கார் போன பிறகு, "என்ன சொல்லிட்டிருந்தேன்?" என்பாள்.

பதினாறாம் தேதி ஞாயிறு. பூசை முடிந்ததும் சிற்றாலயத்திலேயே கூட்டம் போட்டாள். எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். அம்பாரோ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். ஒத்தீலியா எண்ணிக்கையைச் சொன்னாள், புதன்கிழமையைச் சொன்னாள், ஒரு முகவரி வேண்டும் என்றாள். பின்வரிசையிலிருந்து செமா எழுந்தான்.

"தோன்யா, ஒரு சந்தேகம். எங்க எல்லாரையும் எழுதச் சொல்லிச் சொல்லி எங்க வீட்டு நாய்க்கே உங்க குரல் பழகிப்போச்சு. உங்க மனையிலயும் பின்னாடி ஒண்ணு இருக்கே. ஏப்ரல்ல அதை எழுதினீங்களா?"

சிலர் சிரித்தார்கள். ஒத்தீலியா பலிபீட விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லை" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"எழுதலை. அட்டையைப் பார்த்ததும் பயந்துட்டேன். பின்னாடி சாமான் போட்டிருக்கேன்னு சொன்னேன். உங்க எல்லார் வாசல்லயும் நின்னு பேசினேன். என் வாசல்ல என்னால பேச முடியலை."

செமா உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அடுத்த கிண்டல் தயாராக இருந்திருக்கும்; அதை அவன் சொல்லவில்லை. கதவுப் பக்கமிருந்துதான் குரல் வந்தது.

"சாமானா?"

அம்பாரோ. அதுவரை அவளுக்குத் தெரியாது.

"அம்பாரோ, நான் உனக்காகத்தான்..."

"நாங்க அஞ்சு பேரும் உள்ள இருந்தோம். நான் தொர்தியா போட்டுக்கிட்டிருந்தேன். சாமானாம்மா?"

அவள் வெளியே போய்விட்டாள். கூட்டம் அதோடு கலைந்தது. ஒருவரும் முகவரி தரவில்லை.

திங்கள் காலை அம்பாரோ முன்வீட்டுக்குக் காப்பி குடிக்க வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பிள்ளைகள் மட்டும் வந்து போனார்கள். முற்றம் இருபது அடி. அதன் இரு ஓரத்திலும் நின்று இருவரும் துணி உலர்த்தினார்கள், பேசிக்கொள்ளவில்லை. செவ்வாய் மாலை ரெஃபூஹியோ என் வீட்டுக்கு வந்தான்.

"பத்ரீனோ, நீங்க படிச்சவரு. கையெழுத்துப் போட்டா அந்த ஆய்வாளர் வருவானா மாட்டானா?"

மனைவிக்கு ஞானத்தகப்பன் என்பதால் அவளைப் போலவே அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். தெரியாது என்றேன். சட்டப்படி கணக்கெடுப்புத் தாளை இன்னொரு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, ஆனால் எங்கள் மனு மாவட்ட அலுவலகம் வழியாகப் போகிறது, அந்தக் கதவு திறந்தே இருக்கிறது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றேன். அவன் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். நம்பிக்கையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாததை எழுதி எனக்குப் பழக்கமில்லை, சொல்லியும் பழக்கமில்லை.

புதன்கிழமை பிற்பகல் ஒத்தீலியா வெள்ளைத் தாளில் எண்ணிக்கையை எழுதி மடித்து வைத்திருந்தாள். முகவரிக்கு இடம் வெறுமையாக இருந்தது. மூன்றரை மணிக்கு நான் வண்டியைக் கொண்டு போய் நிறுத்தினேன்.

"நான் என் பேரைப் போட்டுடறேன் கொம்பாத்ரே. மனை என் பேர்ல இருக்கு. என்ன வந்தாலும் என் தலையில வரட்டும்."

"குடியிருக்கறவங்க கையெழுத்துன்னு நெல்டா சொன்னாளே."

"தெரியும்" என்றாள். ஆனாலும் வண்டியில் ஏறினாள்.

நான் சாவியைத் திருப்பும்போது அம்பாரோ முற்றத்தைத் தாண்டி வந்தாள். குழந்தை தோளில். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தாள். அம்மாவைப் பார்க்காமல், "தள்ளி உக்காரு" என்றாள்.

"நீ எதுக்கு? நானே பார்த்துக்கறேன்."

"நீ பார்த்துக்கிட்டது போதும். அது உன் வீடில்லை, நீ எழுத. நீ ஒளிக்கவும் உன் வீடில்லை. எங்க வீடு. நான் எழுதறேன்."

"ரெஃபூஹியோ என்ன சொன்னான்?"

"தொட்டி தோண்ட எடம் பார்த்துக்கிட்டிருக்கான். வந்தா வரட்டும், ரெண்டாவது தொட்டி இருக்குன்னு காட்டலாம்ங்கறான். நாலடி தோண்டிட்டான்."

பதினெட்டு மைல். ரயில் பாதையில் ஒரு சரக்கு வண்டி பதினோரு நிமிடம் நிறுத்தி வைத்தது. ஒத்தீலியா என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தை அழுதது, பிறகு தூங்கியது. அலுவலகத்தில் நுழையும்போது மணி நான்கு முப்பத்தெட்டு.

நெல்டாவின் மேசையருகே ஹாலிஸ் நின்றிருந்தார். கையில் காப்பிக் கோப்பை. எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார், ஆனால் போகவில்லை. நெல்டா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். நான் ஒரு முனையைப் பிடித்தபடியே இருந்தேன். தேதிகளையும் எண்களையும் சரிபார்த்தாள்.

"இது என்ன, கோயில் நோட்டா?"

"மாதா போன வீடுங்க" என்றாள் ஒத்தீலியா.

"சரி. முகவரி?"

அம்பாரோ குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"லாஸ் கார்ஸாஸா?" என்றார் ஹாலிஸ். எங்கள் மொழி அவருக்கு நன்றாகவே வரும். "அங்க பின்னாடி பின்னாடி நெறையக் கட்டறாங்கன்னு கேள்விப்பட்டேனே."

ஒத்தீலியாவின் கை என் முழங்கையைப் பற்றியது. நகம் பதிந்தது. அம்பாரோ நிமிரவில்லை. பெயரை எழுதினாள். தெருவை எழுதினாள். மனை எண்ணை எழுதி, அதன் பக்கத்தில் "பின்புறம், வீடு" என்று எழுதினாள். ஐந்து பேர் என்று எழுதினாள். ஹாலிஸ் அங்கேயே நின்று குடித்துக்கொண்டிருந்தார். அவர் படித்தாரா, படிக்கவில்லையா என்று என்னால் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் நெல்டா அந்தத் தாளைக் கவிழ்த்து, மேலே முத்திரைப் பெட்டியை வைத்தாள்.

"இது கணக்கெடுப்புத் தாள், மிஸ்டர் ஹாலிஸ். உங்க மேசைக்கு வராது."

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் அவர். தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

ரசீதில் நேரம் நான்கு ஐம்பத்தொன்று. ரசீது என்னிடம் இருக்கிறது.

அக்டோபர் 17, புதன்கிழமை, மறு எண்ணிக்கைக்கு ஆள் வந்தாள். இந்த முறை ஒரு பெண். அதே மாதிரி அட்டை. முதலில் வந்தது ஒத்தீலியாவின் வாசலுக்குத்தான். நான் நோட்டோடு காத்திருந்தேன். அந்தப் பெண் முற்றத்தில் நின்று, பேனாவால் பின்பக்கம் காட்டினாள்.

"அது என்னங்க?"

அதே கேள்வி. தெருவில் ஒரு கார் வந்துகொண்டிருந்தது. அது தாண்டிப் போகும்வரை ஒத்தீலியா அதையே பார்த்தாள்.

"அது என் மக வீடு. வாங்க, அவகிட்டயே கேளுங்க."

முற்றத்தைக் கடந்து அழைத்துப் போனாள். அந்தக் கதவைத் தன் கையால் தானே பொருத்தியவள். எட்டு வருடமாக ஒருநாளும் தட்டியதில்லை, தள்ளிக்கொண்டு நுழைவாள். அன்று நின்று, விரலை மடக்கி, மூன்று தடவை தட்டினாள்.

"யாரு?" என்றாள் அம்பாரோ உள்ளிருந்து.

"நான்தான். முன்வீட்டுக்காரி."

அம்பாரோ சிரித்தது கேட்டது. கதவு திறந்தது.

முப்பத்தாறில் இருபத்தொன்பது வீடுகள் அன்றும் மறுநாளும் கதவைத் திறந்தன. செமாவின் மகன் வீடும் அதில் ஒன்று. ஏழு வீடுகளில் இன்னும் வேலைதான் நடக்கிறது என்றார்கள். அறுபத்தொன்றும் இருபத்தொன்பதும் தொண்ணூறு. 1991 மார்ச்சில் குழாய் மனு ஏற்கப்பட்டது. 1994 ஜூன் 9ஆம் தேதி தண்ணீர் வந்தது. அந்த ஏழு வீட்டாரும் குடிக்கிறார்கள். ஆனால் 1990 எண்ணிக்கையில் அவர்கள் இல்லை. அதை நான் மாற்றி எழுத முடியாது.

ஹாலிஸ் லாஸ் கார்ஸாஸுக்கு வரவேயில்லை. 1997இல் ஓய்வு பெற்றார். ரெஃபூஹியோ தோண்டிய தொட்டி இன்றும் பயன்படுகிறது. ஆனால் ஹாலிஸ் வரமாட்டார் என்று ஒத்தீலியா ஒருநாளும் நம்பவில்லை. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அம்பாரோவின் கதவைத் தட்டாமல் அவள் உள்ளே போனதை நான் பார்த்ததில்லை. தட்டுவதற்கு முன்னால் ஒருமுறை சாலைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள், புழுதி கிளம்புகிறதா என்று. பிறகுதான் விரலை மடக்குவாள். உள்ளிருந்து அம்பாரோ யாரென்று கேட்பாள். யாரென்று அவளுக்குத் தெரியும்.